அடியில் நிற்கும் நீலம்

அபிராமபுரம்
6 ஜனவரி 2025

தேசம்மாவுக்கு,

அய்யாதுரை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உறைக்குள் ஒரு கல் இருக்கிறது.

உன் புது போன் நம்பரை எனக்குத் தரக் கூடாது என்று நம் கடை ஷகீலாவிடம் கறாராகச் சொல்லியிருக்கிறாயாம். நல்லதாய்ப் போயிற்று. போனில் எழுத்தெல்லாம் எனக்கு இப்போது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. பேனாவால் பெரிதாக எழுதினால், எழுதியது என்னவென்று எனக்காவது தெரிகிறது. நொச்சிக்குப்பம் மார்க்கெட்டில் உட்கார்ந்து நீ மீன் வெட்டிக் கொடுப்பதாக ஷகீலாதான் சொன்னாள். ஞாயிறுதோறும் அங்கே வருகிறவள் ஆயிற்றே. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடையில் நடந்ததைக் கிளற இதை எழுதவில்லை. அதில் என் எண்ணம் மாறவில்லை. இது வேறு சோலி.

என் வீட்டுக்காரி தங்கம் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கு நீ எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாகக் கேள்விப்பட்டேன். குங்குமச் சிமிழில் அவள் ஒரு பட்டை தீட்டாத நீலக்கல் வைத்திருந்தாளே, நினைவிருக்கிறதா? இலங்கைக்குப் போனபோது இரத்தினபுரியில் நான் வாங்கி வந்தது. பதினொரு காரட். 'அது பாட்டுக்கு இருக்கட்டும்' என்று வெட்டவே விடமாட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அந்தக் கல்ல தேசம்மாகிட்ட குடுங்க. வேற எவன் கையிலயும் குடுத்துராதீய' என்றாள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிரச் செய்யவில்லை.

மே மாதம் மகன் அஸ்வின் டொரண்டோவிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். அதற்குள் கல்லை வெட்டி, பேத்தி மஹதிக்கு ஒரு பதக்கம் செய்துவிட வேண்டும். தங்கத்தின் சொல்லை மீறி வேறு இரண்டு பேரிடம் காட்டினேன். இரண்டு பேரும், 'நிறம் இல்ல அண்ணாச்சி, எடைக்கு வெட்டிக்கலாம், ஏழு காரட் நிக்கும்' என்றார்கள். எனக்கும் சாம்பலாகத்தான் தெரிகிறது. நீ பார்த்துவிட்டு எப்படி வெட்டலாம் என்று எழுது. தங்கத்துக்காகக் கேட்கிறேன்.

அய்யாதுரை


நொச்சி நகர்
12 ஜனவரி 2025

அண்ணாச்சிக்கு,

திருடியை நம்பிக் கல்லைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்களே, பயமாக இல்லையா? இதையும் மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள்?

'கடையில் நடந்தது' என்று ரொம்ப நாசூக்காக எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன். பட்டை தீட்டாத ஒன்பது காரட் ரஃப் ஒன்றைக் கொடுத்தீர்கள். பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்தீர்கள். 'நல்ல நிறம். நிறத்துக்கு வெட்டு, எடையைப் பாக்காத' என்றீர்கள். பதினெட்டு நாள் எடுத்து, மூன்று காரட்டுக்கு வெட்டிக் கொண்டுவந்தேன். அடையாறிலிருந்து வந்திருந்த கஸ்டமர் அம்மா முன்னால், கடை ஜனம் மொத்தத்துக்கும் முன்னால், கல்லைத் தட்டில் போட்டுப் பார்த்தீர்கள். 'எடையும் போச்சு, நிறமும் போச்சு. இது நான் குடுத்த கல்லே இல்ல. மாத்திட்டா' என்றீர்கள். என் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னீர்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, பஸ் டிக்கெட். கல் இல்லை என்றதும், 'வீட்டுல வச்சிருப்பா' என்றீர்கள்.

மறுநாளே ஈக்காட்டுத்தாங்கல் கல் தீட்டும் பட்டறையில், 'கொஞ்ச நாள் வராதம்மா' என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த இடம் அது. தி. நகரில் ஒரு கடைகூட என்னை வாசல் ஏற்றவில்லை. இப்போது காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டுகிறேன்.

ஷகீலாக்கா பொட்டலத்தை நீட்டியதும், 'இன்னாத்துக்குக்கா இது? எத்துக்கினு போயிடு' என்றேன். 'தங்கம்மாவோட கல்லுடி' என்றார். கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டேன். கடைக்கு வருகிறபோதெல்லாம் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளுகிற மனுஷி தங்கம் அக்கா. முதலாளி வீட்டு அம்மா என்று ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

அதனால் பார்த்தேன். விடிந்ததும் மொட்டை மாடியில் வெள்ளைத் தாளை விரித்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, அதற்குள் கல்லைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிறம் இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும், நகக்கண் அகலத்துக்கு, நல்ல நீலம். மற்றதெல்லாம் வெளுப்பு. எடைக்கு வெட்டினால் அந்த நீலம் ஓரத்துக்குப் போய், சட்டைப் பையில் பேனா கசிந்த மாதிரி கறையாக நிற்கும். அந்த மூலையைக் கல்லின் அடிமுனைக்குக் கொண்டுவந்து வெட்ட வேண்டும். மேலே விழுகிற வெளிச்சம் அடிவரைக்கும் போய், திரும்பி வரும்போது நிறத்தைக் கூட்டிக்கொண்டு வரும். பார்க்கிறவர்களுக்குக் கல் முழுக்க நீலம். ஆனால் மூன்றரை காரட்தான் நிற்கும். மீதியெல்லாம் தூள்.

இதுதான் என் யோசனை. வெட்டுவதற்கு வேறு ஆளைப் பாருங்கள். கல்லை ஷகீலாக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எடை போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேசம்மா


அபிராமபுரம்
20 ஜனவரி 2025

தேசம்மாவுக்கு,

கல் வந்தது. எடை போட்டேன். சரியாக இருந்தது. போடாமல் இருந்திருக்கலாம்.

நீ சொன்னபடியே டம்ளரில் போட்டு, ஜன்னல் ஓரம் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். நீலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எந்த மூலை? என்னோடு விளையாடுகிறாயா? நாற்பத்தொரு வருஷமாகக் கல் பார்க்கிற கண் இது. லேபுக்கு அனுப்பாமலே எந்த ஊர்க் கல் என்று சொன்னவன் நான். இல்லாத நிறத்தைக் காட்டி முக்கால்வாசிக் கல்லைத் தூளாக்கச் சொல்கிறாய். எடை போனால் போனதுதான், தேசம்மா. திரும்ப ஒட்டவைக்க முடியாது.

உனக்குக் கோபம் இருக்கும், எனக்குத் தெரியாதா? தங்கமும் உன் கட்சிதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், 'அவ எடுத்திருக்க மாட்டா. உங்க கண்ண ரொம்ப நம்பாதீய' என்றாள். அப்புறம் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்ததே கொஞ்ச காலம், அதில் ஒரு மாதத்தை இப்படி வீணாக்கினோமே என்று இப்போது இருக்கிறது.

பொங்கலுக்கு வீட்டில் ஒன்றும் வைக்கவில்லை. ஒருத்தனுக்கு எதற்குப் பானை? அஸ்வின் வீடியோவில் வந்து இரண்டு நிமிஷம் பேசினான். மருமகள் மீனாட்சி ஆன்லைனில் ஜன்னல் திரை வாங்கி அனுப்பியிருக்கிறாள், அழுக்கு வேட்டி நிறத்தில். மாட்டிவிட வந்த ஷகீலா, 'எம்மா அழகான நீலம் அண்ணாச்சி' என்கிறாள். இருபது வருஷமாகக் கடையில் இருக்கிறாள், முதலாளி மனசு குளிரப் பேசுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.

எந்த மூலை என்று சரியாக எழுது.

அய்யாதுரை


நொச்சி நகர்
26 ஜனவரி 2025

அண்ணாச்சிக்கு,

எந்த மூலை என்று அப்புறம் எழுதுகிறேன். முதலில் கோபப்படாமல் ஒரு காரியம் செய்யுங்கள்.

இந்த உறைக்குள் வலை நூல் இரண்டு வைத்திருக்கிறேன். எதிர் வீட்டு ஜான்சன் வலை சரிபண்ணிக்கொண்டிருந்தபோது வாங்கியது. ஒன்றில் முடிச்சு போட்டிருக்கிறேன், மற்றதில் இல்லை. ஒன்று நீலம், ஒன்று சாம்பல். பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நீலம் எது என்று எழுதுங்கள். ஷகீலாக்காவைக் கேட்கக் கூடாது.

ஏன் கேட்கிறேன் என்றால், உங்கள் வீட்டுத் திரை நீலம்தான். ஷகீலாக்காவை விடாமல் கேட்டேன். 'நல்லா பளிச்சினு நீலம்டி. அவருக்குத்தான் அழுக்கா தெரியுதாம்' என்றவர், மீன் மார்க்கெட் நடுவிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு நான் கொண்டுவந்த கல்லும் அவருக்கு நீலமாகத்தான் தெரிந்ததாம். 'அண்ணாச்சியே சொல்றாரு, நமக்கு இன்னா தெரியும்னு வாய மூடிக்கினேன். என்ன அடிச்சுடு தேசம்மா' என்கிறார். நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் வேறு ஆளிடம் போகாமல் என்னிடமே வந்து மீன் வெட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. என்னவென்று திட்டுவது? அவருக்கும் மூன்று பெண்பிள்ளைகள், உங்கள் கடையை விட்டால் வேறு வழி இல்லை.

எட்டாவது படித்தவள் சொல்கிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். நூலைப் பாருங்கள்.

தேசம்மா


அபிராமபுரம்
3 பிப்ரவரி 2025

தேசம்மா,

என்னைக் குருடன் ஆக்கப் பார்க்கிறாய். நூலைக் குப்பையில் போட்டுவிட்டேன். இனிமேல் எழுத வேண்டாம்.

அய்யாதுரை

பின்குறிப்பு: குப்பையிலிருந்து எடுத்தேன். காலையில் ஜன்னலில் பார்த்தேன். மத்தியானம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாயங்காலம் மறுபடியும் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம்தானே? ஒரே நூலை இரண்டாக வெட்டி அனுப்பியிருக்கிறாய், அப்படித்தானே? ஆமாம் என்று எழுது.


அபிராமபுரம்
24 பிப்ரவரி 2025

தேசம்மாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரண்டு கண்ணிலும் புரை. பல வருஷமாக மெதுவாக முற்றியிருக்கிறதாம். 'மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்க்கிற மாதிரி சார். நீலம்தான் முதல்ல அடிபடும். உங்களுக்கு வித்தியாசமே தெரியலையா?' என்றார் டாக்டர் அம்மா. என்ன தொழில் என்று கேட்டார். கல் வியாபாரம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. துணிக்கடை என்றேன்.

போன திங்கட்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன். கூட ஒரு ஆள் இல்லாமல் செய்ய மாட்டோம் என்றார்கள். ஷகீலா வந்து கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண் கட்டைப் பிரித்ததும், யாரோ ஜன்னல் திரையை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு நீலம். வலது கண்ணை மூடினால் பழைய அழுக்கு வேட்டி. திறந்தால் நீலம். கூடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு லாக்கர் நினைவுக்கு வந்தது.

லாக்கரைத் திறந்தேன். நீ வெட்டிய கல் அங்கேதான் இருக்கிறது. கஸ்டமர் அன்றைக்கே வேண்டாம் என்று போய்விட்டார். உன் மேல் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று விற்காமல் வைத்திருந்தேன். பொட்டலத்தின் மேல் என் கையாலேயே 'தேசம்மா மாற்றிய கல்' என்று எழுதியிருக்கிறேன். பிரித்து ஜன்னலில் வைத்தேன்.

இடது கண்ணுக்குச் சாம்பல். வலது கண்ணுக்கு நீலம். அடியில் ஒரு பொட்டு நிறத்தை வைத்துக் கல் முழுக்க நிரப்பியிருக்கிறாய். ஓரம்கூட வெளுக்கவில்லை. அந்த வேலையைப் பார்த்துத்தான் உன்னைத் திருடி என்றேன். பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கும்போது பார்த்த நீலம் என் மனசில் இருந்தது. வெட்டி வந்ததும் கண்ணில் அது இல்லை. இல்லாததை நீ எடுத்துக்கொண்டாய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்தேன். அந்த வார்த்தை போதாது. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். இந்த வீட்டில் இதைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை.

அய்யாதுரை


நொச்சி நகர்
2 மார்ச் 2025

அண்ணாச்சிக்கு,

கடிதத்தை மார்க்கெட்டிலேயே படித்தேன். பக்கத்தில் உட்காருகிற ஜான்சி, 'இன்னாக்கா, யாருனா செத்துட்டாங்களா?' என்றாள். 'இல்லடி, ஒண்ணும் இல்ல' என்றேன். கையெல்லாம் மீன் ரத்தம். கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

இப்படி ஒரு நாள் வந்தால் சந்தோஷப்படுவேன் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு லேபுக்கு அனுப்பியிருந்தால் முடிந்திருக்குமே! தங்கம் அக்கா சொன்னதைக் கேட்டு ஒரு டாக்டரைப் பார்த்திருந்தால் முடிந்திருக்குமே! என் அம்மா சாகிறதற்கு முதல் நாள் என் கன்னத்தைத் தடவி, 'நீ எட்த்திருந்தா குட்த்துடு கண்ணு' என்றாள். பெற்றவளே என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

கேட்டதால் சொல்கிறேன். எனக்குப் பணம் காசு எதுவும் வேண்டாம். யார் யார் முன்னால் என்னைத் திருடி என்றீர்களோ, அவர்கள் முன்னால் இல்லை என்று சொல்லுங்கள். அந்தப் பொட்டலத் தாளை எனக்குக் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் லாக்கரில் இருக்கக் கூடாது.

தங்கம் அக்கா கல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் கை பழைய கை இல்லை. ஐஸில் ஊறி ஊறி வலது ஆள்காட்டி விரல் நுனி மரத்துப் போயிருக்கிறது. கல் சாணையில் படும்போது விரலுக்குத்தான் முதலில் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். இப்போது அந்த விரலுக்கு எதுவும் தெரிவதில்லை.

தேசம்மா


அபிராமபுரம்
30 மார்ச் 2025

தேசம்மாவுக்கு,

முதலில் அடையாறு போனேன். கஸ்டமர் அம்மாவின் உள்ளங்கையில் கல்லை வைத்து விஷயத்தைச் சொன்னேன். 'அன்னிக்கே எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. நீங்க இவ்வளவு வருஷமா தொழில்ல இருக்கறவர், நான் என்ன பேசறதுன்னு விட்டுட்டேன்' என்றார். எல்லோருமே என்னை நம்பித்தான் சும்மா இருந்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். சொல்லி முடித்ததும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நோன்போடு நின்றிருந்த ஷகீலாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டிலும் அன்றைக்கு நான் போன் போட்டு எச்சரித்த கடைகள் ஏழு. ஏழுக்கும் நடந்தே போனேன். தட்டில் கல்லை வைத்து, 'இது தேசம்மா வெட்டுனது. அவ மாத்தல. என் கண்ணுதான் கெட்டுப்போச்சு' என்றேன். அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? 'எந்த தேசம்மா அண்ணாச்சி?' ஐந்து கடையில் உன்னை யாருக்கும் நினைவில்லை. திருடி என்றுகூட நினைவில்லை. என் ஒரு சொல்லுக்கு உன்னைத் துரத்தினார்கள், பிறகு சொல்லையும் மறந்துவிட்டார்கள், உன்னையும் மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு கடையிலும் நீ யார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ரோட்டுக்கு வந்து அந்த ஜனக்கூட்டத்தில் ரொம்ப நேரம் நின்றேன். 

நீ கேட்ட தாள் இதோடு இருக்கிறது. 'மாற்றிய' என்பதை அடித்திருக்கிறேன். என்ன அடித்தேன் என்று தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். இப்போது 'தேசம்மா வெட்டிய கல். நிறம் நீலம்' என்று இருக்கும். கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.

தங்கத்தின் கல்லையும் உறைக்குள் வைத்திருக்கிறேன். எந்த மூலை என்று இப்போது எனக்கே தெரிகிறது. எடை போகட்டும். கை பிசகினாலும் பிசகட்டும். நீ வெட்டாவிட்டால் அது சிமிழுக்கே போகும், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

இடது கண்ணுக்குத் தேதி கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். காலையில் எழுந்ததும் நீ வெட்டிய கல்லை ஜன்னலில் வைத்து ஒரு கண்ணால் பார்க்கிறேன். பிறகு மற்ற கண்ணால் பார்க்கிறேன். இருந்தது எது, நான் பார்த்தது எது என்று எனக்குத் தினமும் தெரிய வேண்டும். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அய்யாதுரை


நொச்சி நகர்
27 ஏப்ரல் 2025

அண்ணாச்சிக்கு,

'எந்த தேசம்மா' என்பதைப் படித்ததும் வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று நாலு தீபாவளிக்குத் தி. நகர் பக்கமே போகாமல் மயிலாப்பூரோடு துணி எடுத்துக்கொண்டு வந்தேன். ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள்!

தாளைச் சுவரில் அம்மா போட்டோவுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

கட்டிலடியில் கிடந்த சாணையை வெளியே எடுத்தேன். உப்புக் காற்றில் மோட்டார் துருப்பிடித்திருந்தது. ஜான்சன் சரிபண்ணிக் கொடுத்தான். முதலில் பாட்டில் கண்ணாடித் துண்டுகளை வெட்டிப் பழகினேன், முப்பது துண்டுக்கு மேல் இருக்கும். ஆள்காட்டி விரல் உதவாது என்று தெரிந்ததும் நடுவிரலுக்கு மாறினேன். அது படிவதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் அக்கா கல்லைக் குச்சியில் அரக்கு வைத்து ஒட்டினேன். 'பக்கத்துலயே இருந்துக்கோ அக்கா' என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

மூன்று காரட் நின்றிருக்கிறது. நான் சொன்னதற்கு அரை காரட் குறைவு. ஒரு பட்டையில் விரல் பிசகிவிட்டது, அதைச் சரிசெய்யக் கல்லை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. மறைக்க எனக்கு இஷ்டமில்லை. நிறம் எப்படி வந்திருக்கிறது என்று மட்டும் எழுத மாட்டேன்.

கடைக்கு நான் திரும்பி வர மாட்டேன், கூப்பிடாதீர்கள். மீன் வேலை முடிந்ததும் சாயங்காலத்தில் வீட்டிலேயே வெட்டலாம் என்றிருக்கிறேன். கல் இருந்தால் அனுப்புங்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அக்கா கல்லைத் தாளில் மடித்து, வலை நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். நீல நூல்தான். இதை இப்போது அவிழ்க்கக் கூடாது. தினமும் காலையில் ஜன்னலில் நின்று பார்த்ததெல்லாம் போதும். அஸ்வின் வருவதற்குள் இடது கண்ணுக்கும் தேதி வாங்குங்கள். இரண்டு கண்ணும் தெளிந்த பிறகு அவிழ்த்தால் போதும், அதுவரைக்கும் சிமிழிலேயே இருக்கட்டும்.

ஆபரேஷன் அன்றைக்கு ஷகீலாக்கா கடையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட நான் வருகிறேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று போனில் சொல்லுங்கள். நம்பர் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

தேசம்மா